அஜீரண இரவு

ஓஸ்த்ராவாவின் மூன்று லட்சம் வயிறுகள்
இரவு பத்துக்குள் தங்கள் வேலையை முடித்துவிடுகின்றன.
எங்களுடைய ஒற்றை வயிற்றுக்கு
அப்போதுதான் பந்தி தொடங்கும்.

கான்க்ரீட்டில் ஒரு முட்டை, ஏழுமாடி உயரம்.
உள்ளே முப்பத்தேழு டிகிரி, நம் உடம்பின் சூடு.
காற்று ஒரு மூச்சும் நுழையக் கூடாது.
நுழைந்தால் செத்துப்போகும் கூட்டம் ஒன்று
இருட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறது.

மலம் என்று இங்கே யாரும் சொல்வதில்லை.
கசடு என்று பதிவேட்டில் எழுதுகிறோம்.
வெந்தெலீன் மட்டும் 'அவள்' என்பார்:
அவள் இன்று கெட்டியாக வருகிறாள்,
அவளுக்கு இன்று பசியில்லை.

இருபத்தாறு வருடம் நிலத்தடியில் நிலக்கரி வெட்டியவர்.
சுரங்கம் மூடியதும் இங்கே வால்வு திருக வந்தார்.
லைட்டர் வைத்துக்கொள்ள மாட்டார்.
எங்கோ ஒரு ஸ்பானர் விழுந்தால் தோள்கள் சுருங்கும்.
வாசனையே இல்லாத மீத்தேனை
ஒவ்வொரு கதவிலும் நின்று முகர்ந்து பார்ப்பார்.
அழுகிய முட்டை நாற்றம் வந்தால் முகம் தெளியும்.
நாறுவது நல்லது, போஹ்தானா,
சொல்லிவிட்டு வருகிறது.
(அதிகமானால் அதுவும் மூக்கைக் கொன்றுவிட்டு
மௌனமாகிவிடும் என்பதை
நான் அவரிடம் மூன்று முறை சொல்லியாயிற்று.)

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை
ஏதோ ஒரு மது ஆலை, புளித்துக் கெட்ட பீரை
யாருக்கும் சொல்லாமல் சாக்கடையில் திறந்துவிட்டது.

அமிலம் செய்பவை அவசரக்காரர்கள்.
வாயு செய்பவை நிதானம், பந்தியின் கடைசி வரிசை.
முன்வரிசை வாரி இறைத்ததைப்
பின்வரிசையால் தின்று தீர்க்க முடியவில்லை.
ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு
நுரை பொங்கியது.

குழாயில் நுரை ஏறியதும்
ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது.
ஊட்டுவதை நிறுத்தினேன். கலக்கியை மெதுவாக்கினேன்.
அஜீரணத்துக்கு எங்கும் ஒரே வைத்தியம்தான்:
பட்டினியும் சோடாவும்.

ஏற்கெனவே பிறந்துவிட்ட வாயுவை என்ன செய்வது?
எரித்தாக வேண்டும்.
சுடர்க்கோபுரத்தின் தானியங்கிப் பொறி
பனியில் உறைந்து மறுத்துவிட்டது.
முற்றத்தின் அந்தக் கோடியில் ஒரு பச்சைப் பொத்தான்.
அதனருகில் நின்றவர் வெந்தெலீன்.

அழுத்துங்கள் என்றேன் வாக்கிடாக்கியில்.
இரைச்சல்.
வெந்தெலீன்?
எத்தனை சதவீதம்?
அறுபத்திரண்டு.

சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை.
கீழே ஒன்றரை காட்டினாலே
போட்டது போட்டபடி ஏறிவிடுவோம்.
ஒரு தடவை
ஒன்பது பேர் ஏறவில்லை.

எனக்கு அந்தக் கதை தெரியாது.
கேட்பதற்கு அது நேரமுமில்லை.
அழுத்தமானி நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்திரண்டுக்கு நகர்ந்தது.
ஓடினால் மூன்று நிமிடம், இந்தப் பனியில் நாலு.
ஓடத் தொடங்கினேன்.

பாதி வழியில்,
நனைந்த கம்பளியை யாரோ உதறினாற்போல்
ஒரு 'டுப்'.
என் நிழல் எனக்குப் பின்னால்
வேலி வரை நீண்டு விழுந்தது.

அவர் குந்தியிருந்தார்,
இரு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு,
கண்களை இறுக மூடி,
விழப்போகும் கூரைக்காகக் காத்து.

கூரை இல்லை.
சுடருக்கு மேலே பனி உருகி மழையாகி,
மழையும் தரையைத் தொடாமல் போய்க்கொண்டிருந்தது.

நெடுநேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தார்.
எதுவரை எரியும்?
விடியும்வரை.
ம்.
பிறகு ஒரு கையுறையை மட்டும் கழற்றி,
தூரத்திலிருந்தே உள்ளங்கையைக் காட்டினார்.

பதினொரு நாள் கழித்து ஜெனரேட்டர் ஓடியது.
சந்தேகமான ஆலைக்குக் கடிதம் எழுதினோம்.
பதில் வரவில்லை. கோடை வந்தது.

பிழிந்து குவித்த கசட்டின் மேல்
தக்காளி முளைத்திருக்கிறது,
இரண்டு வயிறுகளைக் கடந்தும் சாகாத விதைகள்.
வெந்தெலீன் அவற்றைப் பறிப்பதில்லை,
தின்னச் சொன்னால் காறித் துப்புவார்.
சக்கரவண்டியை மட்டும்
ஒவ்வொரு செடியையும் சுற்றி
வளைத்து வளைத்து ஓட்டிப் போகிறார்.